கோடை உழவு போடும் காட்டில் ஆள்காட்டி முட்டை – என்ன செய்யலாம்?

#1 வாழப்பாடி_கொல்லை

வணக்கம். போன வாரம் எங்கள் பக்கம் ஒரு கோடை மழை பெய்தது. பெரிய மழை இல்லை, ஆனால் மேட்டுக்காட்டில் கலப்பை இறங்கும் அளவுக்கு ஈரம் இருக்கிறது. போன வருடம் கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு வந்து இலையைச் சல்லடையாக்கிவிட்டதால் இந்த முறை கோடை உழவை விடக்கூடாது என்று டிராக்டருக்குச் சொல்லிவிட்டோம். வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது.

நேற்று எருக்குப்பை கொட்டப் போனேன். ஆள்காட்டிக் குருவி இரண்டு தலையை உரசுகிற மாதிரி பாய்ந்து பாய்ந்து கத்தின. குனிந்து தேடினால் சரளைக்கல்லுக்கு நடுவே, ஆட்டுப் புழுக்கை சிதறிக் கிடந்த ஒரு சின்னப் பள்ளத்தில் 4 முட்டை. கல் எது, முட்டை எது என்றே தெரியவில்லை. அதுவும் காட்டின் நட்ட நடுவில்!

"எடுத்து வரப்போரம் வை, அது தேடி வந்து உட்கார்ந்துக்கும்" என்கிறார் மாமனார். எனக்கு நம்பிக்கை இல்லை. உழவைத் தள்ளிப்போட்டால் ஈரம் போய்விடும், வண்டியும் சீக்கிரம் கிடைக்காது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடவே இன்னும் சில விஷயங்கள் கேட்க இருக்கிறது. இரண்டு கோழி அடையில் இருக்கிறது, வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது, புடலைப் பந்தலில் பிஞ்செல்லாம் கோணிக்கொண்டு அழுகுகிறது. ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.

#2 கரட்டாண்டி

அக்கா, முட்டையைத் தொடாதீர்கள். உழவையும் நிறுத்த வேண்டாம். இரண்டுக்கும் வழி இருக்கிறது.

ஆள்காட்டிக்குக் கூடு என்பதே அந்த இடம்தான். சுற்றியிருக்கும் கல்லையும் மண்ணையும் வைத்துத்தான் அது திரும்பி வருகிறது. வரப்பு வரைக்கும் கொண்டுபோய் வைத்தால் தன் முட்டை என்று அதற்குத் தெரியாது. காக்கைக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். முட்டையைச் சுற்றி ஒரு கட்டில் போடுகிற அளவு இடம் போதாது, இரண்டு மூன்று கட்டில் அளவுக்காவது உழாமல் விடுங்கள். அடையாளத்துக்குக் குச்சி நட்டுத் துணி கட்டாதீர்கள். குச்சி நட்டால் அதில் காக்கையும் கரிச்சானும் வந்து உட்காரும், மேலிருந்து பார்த்தால் கூடு தெரிந்துவிடும். நாலு மூலையிலும் சுண்ணாம்பு அடித்த கல்லை வைத்தால் டிராக்டர்காரருக்குப் போதும்.

நேரம் ரொம்ப முக்கியம். விட்ட இடத்தை ஒட்டிய பகுதியை விடியற்காலையில் முதல் வேலையாக ஓட்டி முடித்துவிட்டு வண்டியைத் தள்ளிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பங்குனி வெயிலில் உச்சிப்பொழுது முட்டை வெறுமையாகக் கிடந்தால் உள்ளேயே வெந்துவிடும். அந்த நேரத்தில் குருவி உட்கார்ந்திருப்பது சூடு கொடுக்க இல்லை, நிழல் கொடுக்க. வாய்க்காலில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். பார்க்க முடிந்தால் தூரத்திலிருந்து பாருங்கள், அவ்வளவு அழகு.

முட்டை பொரிக்க 28 நாளிலிருந்து 30 நாள் ஆகும். பொரித்த குஞ்சு கோழிக்குஞ்சு மாதிரியே அன்றைக்கே எழுந்து நடக்கும். அதற்குப் பிறகு அந்தத் துண்டையும் உழுதுகொள்ளலாம். தினமும் போய் எட்டிப் பார்க்காதீர்கள். நம் கால்தடத்தைப் பிடித்துக் கீரி வரும், நாய் வரும்.

#3 பட்டிக்காரர்_மேச்சேரி

தம்பி சொன்னது சரி. மாட்டு ஏரில் உழுத காலத்தில் ஆள்காட்டி கத்தினால் ஏரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போவோம். மாடும் கால் வைக்காது. டிராக்டரில் உட்கார்ந்தவனுக்குக் குருவி கத்துவதே கேட்பதில்லை, காதில் பாட்டு ஓடுகிறது.

உழவு ஓடும்போது பின்னாலேயே கொக்கும் மைனாவும் கரிச்சானும் வரும். அதுங்களை விரட்ட வேண்டாம். கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுவைப் பொறுக்கித் தின்னத்தான் வருகிறது. வரப்போரமும் மரத்தடியும்தான் கூட்டுப்புழு அதிகம் கிடக்கும். வரப்பை ஒட்டி ஆழமாக ஓட்டச் சொல்லுங்க. நடுக்காட்டில் கொஞ்சம் விட்டதனால் ஒன்றும் குடி முழுகாது.

உழுத பிறகு காடு சும்மாதானே கிடக்கும்? யாராவது செம்மறிப் பட்டி போட வந்தால் போட விடுங்க. புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்தால் அடுத்த கடலைக்கு உரமே வாங்க வேண்டாம். ஆனால் குஞ்சு கிளம்பும் வரை அந்தப் பக்கம் பட்டி வேண்டாம், ஆட்டுக்குளம்பு பட்டால் போச்சு.

#4 பெங்களூர்_டு_ஆத்தூர்

புதியவன். ஆத்தூர் பக்கம் தாத்தா நிலத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு சந்தேகம்: அந்த முட்டையை அடைக்கோழிக்குக் கீழே வைத்தால் பொரிக்காதா? அக்கா வீட்டில்தான் இரண்டு அடைக்கோழி இருக்கிறதே.

இன்னொன்று, இந்த இழையைப் பார்த்ததும் தோன்றியது. பெங்களூரில் பிப்ரவரி மார்ச்சில் தெருவெல்லாம் பூவாக நிற்கும். இங்கே எனக்குக் கண்ணில் படுவது வெயில் மட்டும்தான். சேலத்துக்கு வசந்தம் என்று ஒன்று உண்டா?

#5 கரட்டாண்டி

பொரித்தாலும் பிழைக்காது தம்பி. ஆபத்து வந்தால் தரையோடு ஒட்டி அசையாமல் படு என்று தாய் ஒரு குரல் கொடுக்கும், கிளம்பு என்று வேறு குரல் கொடுக்கும். குஞ்சு அதைக் கேட்டுத்தான் பிழைக்கிறது. கோழி "கொக் கொக்" என்றால் அதற்கு என்ன புரியும்? காட்டுப் பறவை முட்டையை எடுப்பது சட்டப்படியும் தப்பு.

வசந்தம் பற்றி: பூ தேடினால் கீழே பார்க்காமல் மேலே பாருங்கள். மாசியிலேயே இலவமரமும் கல்யாண முருங்கையும் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்துவிடும், மைனாவும் தேன்சிட்டும் சண்டை போட்டுக்கொண்டு தேன் குடிக்கும். பங்குனியில் புங்கன் பழைய இலையைக் கொட்டிவிட்டு எண்ணெய் தேய்த்த மாதிரி புது இலை விடும். வேம்பு பூக்கும். மழைக்கு முன்னாலேயே, சொட்டுத் தண்ணீர் இல்லாத மண்ணில் நின்றுகொண்டு. பட்டுப்போன முருங்கைக் கிளையில் குக்குறுவான் பொந்து கொத்திக்கொண்டு வெயிலில் 'டொங் டொங்' என்று தட்டிக்கொண்டே இருக்கும். கிணற்று மண்சுவரில் பஞ்சுருட்டான் வளை தோண்டும். மொட்டைப் பனையில் பனங்காடை. வேலியில் ஓணான் தலை சிவந்து தண்டால் எடுக்கும் (எங்கள் பக்கம் ஓணானைக் கரட்டாண்டி என்போம், என் பெயர் அங்கிருந்து வந்ததுதான், சிரிக்க வேண்டாம்).

#6 நாகலூர்_காப்பி

கீழே இருப்பவர்கள் வெயிலைப் பற்றிப் பேசுங்கள். மேலே நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஏற்காட்டில் வசந்தம் வருவது பூ மழையோடுதான். காப்பிச் செடியில் தைப் பனியிலேயே மொட்டு வந்து பச்சைக் குச்சி மாதிரி நின்றுவிடும். எவ்வளவு வெயில் அடித்தாலும் விரியாது. மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலம் மழை ஒழுங்காகப் பெய்தால் போதும், எட்டாம் நாள் பத்தாம் நாள் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகையும் பிச்சியும் கலந்த வாசம், தேனீ இரைச்சல் சாலை வரைக்கும் கேட்கும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் பழுப்பாகி உதிர்ந்துவிடும். ஏற்காட்டுக்கு விருந்தாளி வருவது மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு. நிஜமான பூவை யாரும் பார்ப்பதில்லை, அது எங்களுக்கு லாபம்தான்.

அரை மழை பெய்வதுதான் கேடு. தூறிவிட்டு நின்றால் மொட்டில் பாதி விரியும், பாதி கருகும். பூத்த பிறகு இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மழை வேண்டும், இல்லையென்றால் பிஞ்சு நிற்காது. வசதி உள்ள எஸ்டேட்டில் தெளிப்பான் போட்டுப் பூக்க வைக்கிறார்கள். எங்களைப் போன்ற சின்னத் தோட்டத்துக்கு வானம்தான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்தச் செடியைக் கொண்டுவந்து வைத்தார் என்று பெருமையாகச் சொல்வோம். அவர் ஒரு போர்வெல்லும் போட்டுக் கொடுத்திருக்கலாம்.

இப்போது காட்டெருமை தொல்லை. காட்டுக்குள் ஓடை காய்ந்துவிட்டதால் அந்தி சாய்ந்தால் தோட்டத்துத் தொட்டிக்கே வந்துவிடுகிறது. தொல்லை என்று சொன்னேனே தவிர, தண்ணீர் குடித்துவிட்டுத் தானாகப் போய்விடும். டார்ச் அடித்துக் கத்தினால்தான் மிரண்டு செடியை மிதிக்கும். குரங்கு வேறு கதை. அதற்கு ரொட்டி போட்டுப் பழக்குபவர்கள் கொண்டை ஊசி வளைவோடு திரும்பிப் போய்விடுகிறார்கள், அது எங்கள் ஆரஞ்சுக்கு வருகிறது.

#7 ஊசி_டாக்டர்

கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் மழையைக் கொண்டாடுகிறீர்கள். என் அனுபவத்தில் வருடத்திலேயே அதிகம் ஃபோன் வருவது முதல் கோடை மழை பெய்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான். மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். ஆடு மாடு வைத்திருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள்.

முதலாவது சோளம். அறுத்த காட்டில் கட்டை நிற்கும். மழை பட்டதும் மறுதாம்பு துளிர்க்கும். பச்சையே பார்க்காத மாடு ஓடிப்போய் மேயும். வெயிலில் வாடிய இளஞ்சோளத்திலும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு அதிகம். மேய்ந்த கொஞ்ச நேரத்திலேயே மூச்சிரைப்பு, நடுக்கம், வாயில் நுரை, கீழே விழும். ஈறையும் கண் ரப்பையையும் பார்த்தால் செக்கச்செவேல் என்று இருக்கும். நிறையப் பேர் பாம்பு கடித்தது என்று நினைத்து மந்திரிக்கப் போகிறார்கள், அதற்குள் மாடு போய்விடுகிறது. நரம்பில் போடும் சோடியம் தயோசல்பேட் ஊசி இருக்கிறது, நேரத்துக்குப் போட்டால் எழுந்து நிற்கும். 1962க்குக் கூப்பிடுங்கள், அவசர ஊர்தி வரும். பூ எடுத்த சோளத்தட்டையை அறுத்து நன்றாகக் காயவைத்துப் போட்டால் பயமில்லை.

இரண்டாவது நம் ஊர்ச் சொத்தான குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. அதன் இலையிலும் தோலிலும் அதே நஞ்சுதான். கிழங்கு பிடுங்கிய காட்டில் தழையைக் குவித்துப் போட்டிருப்பார்கள், வெள்ளாட்டை அவிழ்த்து விட்டுவிடாதீர்கள். சேகோ ஆலைத் திப்பி (கிழங்குச் சக்கை) கொடுப்பவர்கள் காய்ந்த திப்பியை அளவோடு கொடுங்கள். பசிக்கிறதே என்று கூடை கூடையாக வைத்தால் வயிறு புளித்து மாடு படுத்துவிடும்.

மூன்றாவது துள்ளுமாரி. மழைக்குப் பிறகு முளைக்கும் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த குட்டி, சாயங்காலம் நன்றாக இருந்தது காலையில் செத்துக் கிடக்கும். அல்லது துள்ளி விழுந்து கழுத்தை முறுக்கிக்கொண்டு சாகும். பட்டியிலேயே கொழுத்த குட்டியாகப் பார்த்துப் போகும், அதனால்தான் "கண்ணு பட்டுடுச்சு" என்கிறார்கள். கண் இல்லை, குடலில் இருக்கும் கிருமி அந்தப் புது மேய்ச்சலில் பெருகி நஞ்சு கக்குவதால் வருவது. வந்த பிறகு வைத்தியம் செய்ய நேரம் கிடைக்காது. மழைக்கு முன் தடுப்பூசி போட வேண்டும், முதல் தடவை போடும் ஆட்டுக்கு இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு ஊசி. காலையில் கொஞ்சம் காய்ந்த தீனி போட்டுவிட்டு அப்புறம் மேயவிடுங்கள்.

வாழப்பாடி அம்மா, உங்கள் குட்டிக்கு எத்தனை மாதம்? தாய்க்கு ஊசி போட்டிருக்கிறீர்களா?

#8 பட்டிக்காரர்_மேச்சேரி

டாக்டரய்யா சொன்ன சோள விஷயத்தை எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளணும். எங்கள் பக்கம் ஒரே சாயங்காலத்தில் ஒரு வீட்டுச் சோடி மாடு போனதைப் பார்த்தவன் நான்.

மழை வரும் வரை ஆட்டுக்கு என்ன போடுவது என்று கேட்பவர்களுக்கு: வெள்வேல் மரத்தை வெட்டாமல் வைத்திருங்க. சித்திரை பிறந்தால் நெற்று தானாக உதிரும், ஆடு பொறுக்கித் தின்னும். மேச்சேரி ஆடு வெயில் தாங்குகிறது என்றால் சும்மா இல்லை, இந்தக் காடும் இந்த நெற்றும் தின்று வளர்ந்த இனம். ரோமம் கத்தரிக்கிற வேலையும் இல்லை, தோலுக்கும் நல்ல விலை.

#9 ஏத்தாப்பூர்_கிழங்கு

குச்சிக்கிழங்கைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. இப்போது நட்டிருக்கும் கிழங்கில் குருத்து சுருண்டு முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தால் அது மாவுப்பூச்சி. வெயில் ஏற ஏறப் பரவும். மருந்தை எடுத்து அடிக்கும் முன் யோசியுங்கள். ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய அனகைரஸ் லோபெசி என்கிற கடுகைவிடச் சின்னக் குளவியை வரவழைத்து, 2022இல் எங்கள் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் வயலில் விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து அதை உள்ளிருந்தே தின்னும். நாம் அடிக்கிற மருந்தில் முதலில் சாவது அந்தக் குளவிதான். சுருண்ட குருத்தைக் கிள்ளி எரித்துவிடுங்கள், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், பாதிச் சுமை குறையும். சந்தேகம் இருந்தால் கரணையை (நடுகிற குச்சியை) வெளியூரிலிருந்து வாங்காதீர்கள்.

#10 வாழப்பாடி_கொல்லை

எல்லோருக்கும் நன்றி. உழவு முடிந்தது. டிராக்டர் தம்பி முதலில் சிரித்தார், அப்புறம் அவரே இறங்கிக் கல்லை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஓட்டினார். வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்தில் குருவி நடந்தே வந்து உட்கார்ந்துவிட்டது. மாமனார் தினமும் சாயங்காலம் வரப்பில் நின்று "இருக்குது, இருக்குது" என்று சொல்லிவிட்டு வருகிறார். எடுத்து வை என்று சொன்னது அவர்தான் என்பதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

டாக்டர் ஐயா, குட்டிக்கு இரண்டு மாதம். சேலம் கருப்புதான், மூன்று குட்டி. தாய்க்கு ஆட்டுக்கொல்லிக்கு மட்டும் ஊசி போட்டிருக்கிறது, துள்ளுமாரிக்கு இல்லை. திங்கட்கிழமை மருந்தகத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

அடுத்த கேள்வி கோழி. அடையில் இருக்கும் கோழிக்கு வெயில் தாங்கவில்லை, வாயைத் திறந்துகொண்டே இருக்கிறது. போன தடவை பாதிக்கு மேல் கூமுட்டை. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று அத்தை கூடையில் ஆணியும் கரியும் வரமிளகாயும் போட்டு வைத்திருக்கிறார். அது பலிக்குமா?

#11 ஊசி_டாக்டர்

கரியும் மிளகாயும் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் இல்லை. இடியால் முட்டை கெடுவதில்லை. இடி இடிக்கிற மாதத்தில் வெயிலும் புழுக்கமும் அதிகம், முட்டை கெடுவது அதனால்.

கோடையில் கூமுட்டைக்குப் பெரிய காரணம், முட்டை அடை வைப்பதற்கு முன்னாலேயே கெட்டுப்போவது. இட்ட முட்டையைச் சமையலறை அலமாரியில் வைத்துச் சேர்க்கிறோம். அந்தச் சூட்டில் கரு பாதி வளர்ந்து செத்துவிடும். மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதன் மேல் துணி விரித்து முட்டையை வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். 10, 12 முட்டை போதும். அடைக்கூடையை ஓட்டுச்சாய்ப்பில் வைக்காமல் வேப்பமரத்தடியிலோ உள்திண்ணையிலோ வைத்து, கூடைக்கு அடியில் மணல் கொட்டி மத்தியானம் தண்ணீர் தெளியுங்கள். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். உள்ளே சிலந்தி மாதிரி நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது. நரம்பு எதுவும் இல்லாமல் வெறுமையாக இருந்தால் எடுத்துவிடலாம்.

21ஆம் நாள் குஞ்சு. பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்) சொட்டு மருந்து, 8ஆம் வாரம் இறக்கையடியில் ஊசி. இதை விட்டுவிட்டு மற்ற எல்லாம் செய்தாலும் பயனில்லை. வெள்ளைக்கழிச்சல் வந்தால் கோடையில் ஒரு தெருவையே காலி செய்துவிடும். பிப்ரவரியில் இலவச முகாம் நடக்கும், அதைத் தவறவிட்டவர்கள் பக்கத்து மருந்தகத்தில் கேளுங்கள்.

#12 பெங்களூர்_டு_ஆத்தூர்

குஞ்சு என்றதும் ஞாபகம் வருகிறது, வல்லூறு எங்கள் குஞ்சைத் தூக்கிக்கொண்டே இருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். மயிலை என்ன செய்வது? நாற்றங்காலில் தக்காளியும் மிளகாயும் போட்டேன், மழைக்கு முளைத்தது, ஒரே காலையில் மொட்டை. பளபளக்கும் ரிப்பன் கட்டினேன், ஒரு வாரம் பயந்தது, பிறகு ரிப்பனுக்குப் பக்கத்திலேயே தோகை விரித்து ஆடுகிறது. வீட்டில் எல்லோரும் வீடியோ எடுக்கிறார்கள்.

#13 ஏத்தாப்பூர்_கிழங்கு

மயிலை நகரத்தில் இருப்பவர்கள் ரசிக்கலாம். எங்களுக்கு அது பறக்கும் பன்றி. கடலை விதைத்தால் விதையைக் கிளறும், முளைத்தால் முளையைக் கிள்ளும். முருகன் வாகனம் என்று பேசாமல் இருக்கிறோம், இல்லையென்றால் என்றைக்கோ…

#14 கரட்டாண்டி

என்றைக்கோ என்ன அண்ணா? விஷம் வைத்த தானியத்தில் செத்தது மயில் மட்டும் இல்லை. அதே தானியத்தைத் தின்று கவுதாரியும் புறாவும் நம் கோழியும் செத்திருக்கிறது. செத்ததைத் தின்ற நாயும் கீரியும் போச்சு. சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, ஜாமீன் வாங்க அலைய வேண்டிவரும்.

உங்கள் நஷ்டத்தை நான் மறுக்கவில்லை. குள்ளநரி ஊரை விட்டுப் போயாச்சு, சீமைக்கருவேலம் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது, பிறகு மயில் பெருகாமல் என்ன செய்யும்? இது என் கண்ணில் பட்டதை வைத்துச் சொல்வது.

#15 ஏத்தாப்பூர்_கிழங்கு

நான் விஷம் வைப்பேன் என்று சொல்லவில்லையே தம்பி. நஷ்டத்தை யார் கொடுப்பார்கள் என்றுதான் கேட்கிறேன். அதற்குப் பதில் யாரும் சொல்வதில்லை.

#16 பட்டிக்காரர்_மேச்சேரி

சண்டை வேண்டாம். நாற்றங்காலுக்குப் பழைய சேலை வேலி கட்டுங்க. இடுப்பு உயரம், உள்ளே தெரியாத மாதிரி. மயில் நடந்து வருகிற பறவை. சேலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாததால் தாண்ட யோசிக்கும். நாற்றங்கால் சின்ன இடம் என்றால் மேலேயும் ஒரு சேலை. காட்டுப்பன்றிக்கும் இதுதான் எங்களுக்கு வழி. மீன்வலை கட்டாதீங்க, சாரைப்பாம்பு மாட்டிக்கொண்டு சாகும். சாரை போனால் எலி வரும், எலி பின்னாடி விரியன் வரும்.

வல்லூறுக்கு: கின்னிக்கோழி சோடி ஒன்று வாங்கி விடுங்க. நிழல் பட்டாலே ஊரைக் கூட்டும். கத்தலை நீங்கள் பொறுத்துக்கொள்ளணும், அவ்வளவுதான். குஞ்சை மேய விடுகிற இடத்தில் கிளுவை வேலியோ புதரோ இருந்தால் ஓடி ஒளிந்துகொள்ளும். வெட்டவெளியில் விட்டால் அது வல்லூறுக்கு வைத்த பந்திதான்.

#17 நாகலூர்_காப்பி

நேற்று ராத்திரி பெய்துவிட்டது! ஓர் அங்குலம் தாண்டியிருக்கும். அடுத்த வாரக் கடைசியில் பூ. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் தேன்பெட்டியைப் பார்த்தேன். இரண்டு பெட்டியில் ராணி அறை கட்டியிருக்கிறது, பிரிந்து போகப் பார்க்கிறது. பூக்கும் முன் பிரித்து வைக்க வேண்டும்.

மழை வந்ததில் இன்னொரு நிம்மதி, தீ. மாசியிலிருந்து இந்த மழை வரும் வரை மலையில் எங்காவது ஒரு மூலையில் புகை தெரிந்துகொண்டே இருக்கும். தோட்டத்தைச் சுற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டிச் சருகு கூட்டி வைத்திருந்தாலும் தூக்கம் வராது. தீ இலையை மட்டும் எரிப்பதில்லை. காட்டுக்கோழி தரையில் முட்டை வைப்பது இந்த மாதங்களில்தான்.

கரட்டாண்டி தம்பி, ஆறுமணிக்குருவி கூப்பிடுவது இந்த வாரம் மறுபடி கேட்கிறது. நடுவில் ரொம்ப நாள் சத்தமே இல்லை. என்ன சங்கதி?

#18 கரட்டாண்டி

கிளம்பும் நேரம் அண்ணா. ஐப்பசி வாக்கில் வந்து இறங்கும்போது கத்தும், இடம் பிடித்த பிறகு அவ்வளவாகக் கத்தாது, ஊருக்குத் திரும்பும் முன் மறுபடி கத்தும். ஏப்ரல், மே தாண்டினால் வட இந்தியக் காட்டுக்குப் போய்க் கூடு கட்டும். ஓமலூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பில் சருகைப் புரட்டிக்கொண்டு இருந்ததைப் பார்த்தேன். தோப்புக்காரர்கள் சருகைக் கூட்டி எரிக்காமல் விட்டால் அதற்கு இரை, மண்ணுக்கு மூடாக்கு.

போகிறது ஒன்று, ஆரம்பிப்பது இன்னொன்று. குயில் கத்த ஆரம்பித்துவிட்டது. காக்கை கூடு கட்டினால் இதற்கு வேலை வந்துவிடும். வீட்டுப் பக்கம் புள்ளி போட்ட பழுப்புப் பறவை கறிவேப்பிலைப் பழம் தின்ன வந்தால் அது பெண் குயில், பருந்து என்று கல்லெடுக்காதீர்கள்.

#19 வாழப்பாடி_கொல்லை

கடைசியாகப் புடலை. பிஞ்சு கோணி, உள்ளே வெள்ளைப் புழு. வேப்பெண்ணெய் அடித்தும் நிற்கவில்லை. பந்தலுக்கு அடியில் கோழி விடலாமா? கிளறிவிடுமே என்று பயம்.

(ஆள்காட்டி பொரித்துவிட்டது. மாமனார்தான் பார்த்தார். குஞ்சு எத்தனை என்று எண்ண விடவில்லை, கிட்டே போனதும் ஒன்றையும் காணோம் என்கிறார்.)

#20 ஏத்தாப்பூர்_கிழங்கு

அது பழ ஈ அம்மா. பிஞ்சுக்குள் குத்தி முட்டை வைத்துவிடும். மேலே எதை அடித்தாலும் உள்ளே இருக்கிற புழுவுக்குப் போகாது.

கோழியைத் தாராளமாக விடுங்கள். புழு முற்றினதும் மண்ணுக்குள் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும், கோழி அதைக் கிளறித் தின்னும். கொடி பந்தல் ஏறிய பிறகு விட்டால் போதும், தூரைச் சுற்றி முள்ளோ உடைந்த ஓடோ அடுக்கி வைத்துவிடுங்கள். விழுந்த பிஞ்சையும் கோணின பிஞ்சையும் தினமும் பொறுக்கிக் கோழிக்கே போடுங்கள், இல்லையென்றால் முழ ஆழத்தில் புதையுங்கள். குப்பைமேட்டில் வீசினால் அங்கேயே ஈயாகிப் பறந்து வரும். ஈக்குப் பொறி வாங்கும்போது அதில் வைக்கிற வாசனை மருந்தைக் கியூ லூர் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் மா மரத்துக்கு வைக்கிற மீத்தைல் யூஜினாலைக் கொடுத்துவிடுவார்கள், அதற்குப் புடலை ஈ வராது. நல்ல பிஞ்சுக்கு நாளிதழ் சுருட்டிக் குழாய் மாதிரி மாட்டிவிட்டால் நேராகவும் வளரும்.

பொறி ஏத்தாப்பூரில் கிடைக்கும். இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், வாங்கி வைக்கிறேன். பதிலுக்குக் கொஞ்சம் புடலை விதை கொடுங்கள், எங்கள் வீட்டு ரகம் போன வருடத்தோடு போய்விட்டது.